கேசட் காசு எங்க போச்சு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல சொந்தமா வீடியோ தொழில் ஆரம்பிக்கிற பயலுகளுக்கு யோசனை சொல்லி அரைப்பக்கம் போட்டுருந்தீங்க. டீக்கடையில வச்சு படிச்சேன். நல்லாத்தான் எழுதிருந்தாங்க, ஆனா ரெண்டு எடம் கண்ண உறுத்துச்சு. இப்ப பழைய கேம்கார்டர் லுக்கு ஃபேஷனாயிருச்சு, அதனால செகண்ட் ஹேண்டுல ஒரு டேப் கேமரா வாங்கி தொழில ஆரம்பிச்சா செலவு கம்மின்னு ஒரு எடத்துல இருக்கு. இன்னொரு எடத்துல, கையில காசு இருக்குறவங்க மெமரி கார்டு கேமராவே வாங்கிரலாம், கார்டுல எடுத்தது காலத்துக்கும் அழியாதுன்னு இருக்கு. ரெண்டும் தப்பு. ரெண்டாவது ரொம்பத் தப்பு. 1989ல லைட் புடிக்கிற பையனா இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான், விஎச்எஸ், மினி டிவி (DV), எச்டிவி (HDV), கார்டு எல்லாத்துலயும் அடி வாங்கிட்டேன், அதனால எழுதுறேன். எனக்கு எழுத்துத் தமிழ் அவ்வளவா வராது, பேசுறாப்ல தான் இருக்கும், பொறுத்துக்கங்க. நீளமாவும் போகும்.

முதல்ல டேப் பக்கத்து நியாயத்த சொல்லிர்றேன், ஏன்னா இப்ப இருக்குற பயலுகளுக்கு அது என்னன்னே தெரியல. மினி டிவி கேசட்டு தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசா இருக்கும், உள்ள இருக்குற நாடா கால் இஞ்ச் அகலம், சாதாரண ஸ்பீடுல 60 நிமிசம் ஓடும். அதே கேசட்ட டிவிகேம் (DVCAM)ங்கிற முறையில ஓட்டுனா 40 நிமிசம் தான், நாடா இன்னும் வேகமா போகும், அதனால படம் விட்டுப் போற டிராப் அவுட் கொறையும்னு சேனல் ஆளுங்க அதுல தான் எடுப்பாங்க. கல்யாண வீட்டுக்காரங்களுக்கு அவ்வளவு கேசட்டு கட்டுப்படியாகாது, நாங்க 60 நிமிசத்துலயே ஓட்டிருவோம். விஎச்எஸ் காலத்துல ஒரு காப்பி போட்டா கலர் கலங்கும், காப்பிக்கு காப்பி போட்டா பொண்ணு கட்டிருக்குறது பட்டா காட்டனான்னே தெரியாது. மினி டிவில அந்தத் தொல்ல இல்ல, ஃபயர்வயர்ங்கிற கேபிளப் போட்டு ஏத்துனா டேப்புல என்ன இருக்கோ அது அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துரும், ஒரு மணி நேரம் சுமாரா 13 ஜிபி.

ஏத்துறதுக்கும் அதே ஒரு மணி நேரம் ஆகும், அதான் கொடும. ரெண்டு நாள் கல்யாணம்னா ஆறேழு கேசட்டு, கேப்சர் பண்ணவே ஒரு பகல் போயிரும். இப்ப கார்ட சொருகிட்டு டீ குடிக்கப் போயி வந்தா காப்பி ஆகி நிக்கிது. ஆனா அந்த ஒரு பகல்ல நாங்க எடுத்தது பூராத்தையும் ஒருக்கா கண்ணால பாத்துருவோம். எந்த எடத்துல மைக் கத்துது, எந்த எடத்துல மாமியார் மொறைக்குதுன்னு மனப்பாடமா தெரியும். இப்ப எடிட்டர் பாக்குறது பத்துல ஒரு பங்கு தான், மிச்சத்த யாரும் பாக்காமயே அழிக்கிறாய்ங்க.

சரி, டேப்போட குத்தத்துக்கு வரேன். நான் 2008ல எச்டிவி கேமராவுக்கு மாறுனேன். அதே மினி டிவி கேசட்டு, அதுலயே எச்டி படம், அதிசயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த சின்ன நாடாவுல அவ்வளவு படத்த அடைக்கணுமே, அதுக்கு என்ன பண்றான்னா ஒரு முழுப் படத்த வச்சுட்டு அதுக்கப்புறம் வர்ற பதினோரு படத்துல மாறுனத மட்டும் எழுதுவான். நம்ம ஊரு கணக்குக்கு செகண்டுக்கு 25 படம், அப்ப 12 படம்னா கிட்டத்தட்ட அரை செகண்டு. பழைய மினி டிவில நாடாவுல ஒரு புள்ளி தூசி பட்டா ஒரு படத்துல சின்னக் கட்டம் தெரிஞ்சு மறையும், யாரும் கவனிக்க மாட்டாங்க. எச்டிவில அதே தூசி அந்த முழுப் படத்து மேல விழுந்துச்சுன்னா அரை செகண்டும் போச்சு, படம் ஒறஞ்சு நிக்கும், சத்தமும் அறுந்துரும். 2009 தை மாசம் வாடிப்பட்டி பக்கம் ஒரு முகூர்த்தம், கெட்டிமேளம் கொட்டி மாப்ள தாலி எடுக்குறப்ப எல்லாம் வியூ ஃபைண்டர்ல ஜோராத்தான் தெரிஞ்சுச்சு. வியூ ஃபைண்டர்ல தெரியிறது லென்ஸுல வர்றது, நாடாவுல எழுதுறது இல்ல. இந்த வித்தியாசம் அன்னிக்கு சாயங்காலம் ரீவைண்ட் பண்ணி போட்டப்ப தான் எனக்கு ஒறச்சுச்சு. நாடாவுல எழுதுற ஹெட்டுல அழுக்கு அடைச்சு மூணு முடிச்சுல ரெண்டு முடிச்சு பூராவும் கட்டம் கட்டமா நிக்கிது. ஸ்டில் எடுத்த தம்பி காலுல விழாத கொறையா கெஞ்சி அவன் போட்டோவ வாங்கி, மேளச் சத்தத்த மேல போட்டு ஒட்டுனேன். பொண்ணோட அப்பா பாத்துட்டு, எஃபெக்ட் நல்லாருக்கே தம்பின்னாரு. நான் வாயத் தொறக்கல.

அதுக்கப்புறம் முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னாடி ஹெட் கிளீனர் கேசட்ட பத்து செகண்டு மட்டும் ஓட்டுறது, புது கேசட்டு போடுறது, அதுல முதல் ஒரு நிமிசத்த வெறுமனே ஓடவிட்டுட்டு எடுக்க ஆரம்பிக்கிறதுன்னு ஒரு சாமி கும்புடு மாதிரி வச்சுக்கிட்டேன். கம்பெனிய மாத்தி மாத்தி கேசட்டு போடாதீங்கடான்னு பெரியவங்க சொன்னதையும் அதுக்கப்புறம் தான் கேட்டேன். முழுசா பழசான கேசட்டுல திரும்பத் திரும்ப எடுக்குறது தான் எல்லாத்தையும் விட கெடுதல். நாங்களும் யோக்கியம் இல்ல ஐயா, கஸ்டமர் கேசட்டு காசு குடுத்துருப்பாரு, அவர் மிக்ஸிங் முடிஞ்சு சிடிய வாங்கிட்டுப் போனதும் அதே கேசட்ட அடுத்த வீட்டு சடங்குக்கு போட்டு எடுத்த காலமும் உண்டு. நானும் செஞ்சுருக்கேன்.

நம்ம ஊரு தூசிக்கும் வேர்வைக்கும் டேப் கேமரா தாங்குனதே பெரிய விசயம். உள்ள ஒரு உருளை நிமிசத்துக்கு 9000 சுத்து சுத்துது, அதுல ஹெட்டு, அத ஒரசிக்கிட்டு நாடா போகுது. பாலமேட்டுல மாட்டுப் பொங்கல் அன்னிக்கு வாடிவாசலுக்கு எதுக்க கேலரி மேல ஏறி நின்னு கேசட்டு மாத்தணும்னா, சட்டைய கழட்டி கேமரா மேல கூடாரமா போத்தி அதுக்குள்ள கைய விட்டு மாத்துவேன். அந்தக் கதவ தொறந்த நேரத்துல ஒரு மாடு காலால மண்ண வாரி இறைச்சுச்சுன்னா அன்னிக்குப் பொழப்பு முடிஞ்சுச்சு. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு தோல் பையில தண்ணிய நெப்பி பீய்ச்சி அடிப்பாங்க, சாமிக்கு குளிரணும்னு நேர்த்திக்கடன், ஆனா அது பாதி நம்ம கேமரா மேல தான் விழும். ஒரு தடவ ராத்திரி பூரா ஏசி ரூம்ல வச்சுருந்த கேமராவ நேரா வைகைக் கரைக்கு கொண்டு போயி தொறந்தேன், ஆத்து ஈரத்துக்கு உள்ள பனி பூத்து, திரையில DEW, அதாவது பனின்னு எழுதி வருது, கேசட்ட உள்ளயும் எடுக்க மாட்டேங்குது வெளியவும் துப்ப மாட்டேங்குது. காயிறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அழகர் எனக்காக நிப்பாரா? பச்சைப் பட்டு உடுத்தி இறங்குனாரு, போயிட்டாரு. கார்டு கேமராவுல சுத்துற சாமானே இல்ல, ஈரம் பூத்தா லென்ஸத் தொடச்சுட்டு எடுத்துக்கிட்டே இருக்கலாம். களத்துல நிக்கிறவனுக்கு கார்டு தான், இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

கார்டு வந்த புதுசுல எங்களுக்கு அது எட்டாக் கனி. பானாசோனிக் 2004ல பி2ன்னு ஒரு கார்டு கொண்டாந்தான், அப்ப ஒரு கார்டு காசுல ஒரு பைக் வாங்கிரலாம்னு பேசிக்குவோம். 2005 கடைசில வந்த அவன் எச்விஎக்ஸ்200 கேமராவுல ஒரு பக்கம் பி2 கார்டு, இன்னொரு பக்கம் மினி டிவி கேசட்டு, ரெண்டுமே இருந்துச்சு, ஆனா எச்டி எடுக்கணும்னா கார்டுல மட்டும் தான். 8 ஜிபி கார்டுல முழு எச்டி வச்சா எட்டு நிமிசம் சுமாருக்கு தான் ஓடும். எட்டு நிமிசத்துல நலங்கு கூட முடியாது. சோனி 2007ல இஎக்ஸ்1ன்னு ஒரு கேமரா விட்டான், அதுக்கு எஸ்எக்ஸ்எஸ்னு தனி கார்டு. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு கதவத் தொறந்தது எல்லாக் கடையிலயும் கெடைக்கிற எஸ்டி கார்டு தான். அதுல ஓடுற கேமரா வந்ததும் திருமங்கலத்துல இருந்து மேலூர் வரைக்கும் எல்லாரும் ரெண்டே வருசத்துல மாறிட்டோம். நான் 2012ல மாறுனேன். செகண்டுக்கு 24 மெகாபிட் ரேட்டுல ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபி, 32 ஜிபி கார்டுல மூணு மணி நேரம் கிட்ட. கேசட்டே மாத்த வேணாம். சொர்க்கம் தான் போங்கன்னு நெனச்சேன்.

கார்டு பண்ற கூத்தையும் சொல்லணும்ல. மலிவா கெடைக்கிதுன்னு ஒரு கடையில 64 ஜிபி கார்டு ரெண்டு வாங்குனேன், மேல பெரிய கம்பெனி பேரு, மின்னுது. கம்ப்யூட்டர்ல போட்டா 64ன்னு தான் காட்டுது. உள்ள இருந்தது 8 தான். உள்ள இருக்குற சின்ன சிப்பு பொய் சொல்ற மாதிரி எழுதி வச்சுருக்கான், எட்டு நெறஞ்சதும் அடுத்து எடுக்குறது எங்கயும் போகாது, ஃபைல் பேரு மட்டும் வரிசையா இருக்கும், தொறந்தா ஒண்ணும் ஓடாது. ரிசப்ஷன் பூராவும் போச்சு. அன்னில இருந்து எந்தக் கார்டு வாங்குனாலும் எச்2 டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத வச்சு கார்ட விளிம்பு வரைக்கும் எழுதி திரும்பப் படிச்சுப் பாத்துட்டு தான் கேமராவுல போடுறேன். 64 ஜிபிக்கு மணிக்கணக்குல ஆகும், ராத்திரி போட்டுட்டு படுத்துர வேண்டியது தான்.

அடுத்து ஃபார்மேட். கேசட்ட அழிக்கணும்னா ஒரு மணி நேரம் மேல எழுதணும், கார்ட அழிக்க ரெண்டு அமுக்கு போதும். மேலூர்ல ஒரு காதுகுத்துல நம்ம கூட வந்த தம்பி காலையில எடுத்த கார்ட காலி கார்டுன்னு நெனச்சு ஃபார்மேட் போட்டுட்டான். நல்ல வேளை மேல எதுவும் எடுக்கல, கார்ட வெளிய எடுத்து அதுல இருக்குற லாக்க தள்ளிட்டு என் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன், வீட்டுக்கு வந்து ஃபோட்டோரெக்குன்னு ஒரு சாஃப்ட்வேர்ல முக்கால்வாசி மீட்டோம். ஒரு அஞ்சு நிமிசம் மேல எடுத்துருந்தா கூட அந்த அளவுக்கு போயிருக்கும். பயலுகளுக்கு இத ஒரு சட்டமாவே சொல்லி வச்சுருக்கேன், அழிஞ்சுருச்சுன்னு தெரிஞ்சா அந்தக் கார்டுல ஒரு செகண்டு கூட எடுக்கக் கூடாது.

இன்னொண்ணு, ஏவிசிஎச்டிங்கிற முறையில பதியிற கார்டு கேமராவுல நீளமா எடுத்தா அது தானா ஃபைல துண்டு துண்டா வெட்டிக்கும். பயலுக அந்தத் துண்ட மட்டும் தனியா காப்பி பண்ணி வரிசையா ஒட்டுறாய்ங்க, ஒட்டுன எடத்துல நாதஸ்வரம் ஒரு கண்ணிமைக்கிற நேரம் விக்கும். கார்டுல இருக்குற ஃபோல்டர் பூராவையும் அப்படியே காப்பி எடுத்து வச்சா தான் எந்தத் துண்டோட எந்தத் துண்டு சேரும்னு சாஃப்ட்வேருக்குத் தெரியும்.

இதெல்லாம் தொழில் தொல்லைங்க, பழகிட்டா தீந்துரும். நான் லெட்டர் எழுத உக்காந்தது இதுக்கு இல்ல.

2004ல உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்துல குலசாமி கோயில்ல ஒரு காதுகுத்து எடுத்தேன். கிடா வெட்டு, தாய்மாமன் சீர், மொய், எல்லாம் மூணு கேசட்டு. மிக்ஸிங் பண்ணி சிடி குடுத்தாச்சு. பதினாலு வருசம் கழிச்சு அந்தக் காது குத்துன பய, காலேஜ் படிக்கிறான், அவங்க அம்மாவோட என் கடைக்கு வந்தான். அவங்க அப்பத்தா தவறிப் போயி நாப்பது நாள் ஆகிருக்கு. வீட்டுல இருக்குற சிடில அப்பத்தா வருது, ஆனா நாலு செகண்டு தான் வருது, அதுவும் நான் ஸ்லோ மோஷன் போட்டு மேல சினிமாப் பாட்ட ஏத்தி வச்சுருக்கேன். கெழவி பேசுறது வாயசைப்பு மட்டும் தெரியுது, சத்தம் இல்ல. அந்த அம்மா கேட்டுச்சு, அண்ணே அது என்ன பேசுச்சுன்னு மட்டும் கேக்கணும்ணே, இருக்குமான்னு.

என் பீரோல கேசட்டுக வருச வாரியா இருக்கும். தேடுனோம். கெடச்சுச்சு. பழைய பிடி170 டேப் கேமரா ஒண்ணு வச்சுருக்கேன், இப்ப அதுல எடுக்குறதே இல்ல, கேசட்டு ஓட்ட மட்டும். போட்டேன், ரெண்டு எடத்துல கட்டம் அடிச்சுச்சு, மிச்சம் நேத்து எடுத்தாப்ல வந்துச்சு. மூணு நிமிசம் கெழவி தாய்மாமன நிக்க வச்சு கிழிக்கிது. சீருல கொண்டாந்த அண்டா சின்னதா இருக்காம், எங்க அண்ணன் எனக்கு கொண்டாந்த அண்டாவுல ஊருக்கே சோறு பொங்கலாம்னு ஒரே சண்டை, நடுவுல கேமராவப் பாத்து ஏண்டா இதையுமாடா புடிக்கிறன்னு என்னையும் ஒரு வசவு. அந்தப் பய சிரிச்சுட்டு இருந்தவன் திடீர்னு எந்திரிச்சு வெளிய போயிட்டான். அந்த அம்மா இன்னொரு தடவ போடுங்கண்ணேன்னுச்சு.

அந்தக் குரலுக்கு மேல பாட்டுப் போட்டு மூடுனது நான். அது திரும்ப கெடச்சது நான் புத்திசாலிங்கிறதால இல்ல. அது கேசட்டுல இருந்துச்சு, கேசட்டுக்கு கஸ்டமர் காசு குடுத்துருந்தாரு, அது ஒரு பொருளா என் பீரோல கெடந்துச்சு, அவ்வளவு தான்.

இப்ப அடுத்தது. 2013ல மதுரை டவுனுக்குள்ளயே ஒரு பெரிய கல்யாணம், கார்டுல எடுத்தேன். கார்டுல இருந்து ஹார்ட் டிஸ்குக்கு ஏத்திட்டு கார்ட ஃபார்மேட் போட்டு மறுநாளே அடுத்த வேலைக்குப் போயிட்டேன், எல்லாரும் அப்படித்தான் போவோம். எடிட் பண்ணி டிவிடி குடுத்தாச்சு. மூணு வருசம் கழிச்சு பொண்ணோட அப்பா ஹார்ட் அட்டாக்குல போயிட்டாரு. அவரு மேடையில பேசுனது முழுசா வேணும்னு வந்தாங்க, டிவிடில அரை நிமிசம் தான் இருக்கு. ஹார்ட் டிஸ்க எடுத்து சொருகுனேன், டக் டக்குன்னு சத்தம் மட்டும் வருது. சென்னைக்கு அனுப்பிப் பாத்தேன், தட்டுலயே கோடு விழுந்துருச்சுன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு கோவப்படல, திட்டல. சரிண்ணே பரவால்லன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டுப் போயிருச்சு. திட்டிருந்தா கூட எனக்கு அன்னிக்கு சோறு எறங்கிருக்கும்.

இங்க தான் நான் சொல்ல வந்தது. டேப் காலத்துல எங்க பில்லுல தனியா ஒரு வரி இருக்கும், கேசட் 6, இவ்வளவு ரூபாய்னு. கஸ்டமரும் அதக் கேக்காம குடுத்துருவாரு. கார்டு வந்ததும் அந்த வரி பில்லுல இருந்து காணாமப் போச்சு. கஸ்டமருக்கு சந்தோசம், எங்களுக்கும் ரேட்டக் கொறச்சுக் காட்ட வசதி. ஆனா கேசட்டு காசுங்கிறது எடுக்குறதுக்குக் குடுத்த காசு மட்டும் இல்ல, வச்சுக்குறதுக்கும் சேத்துக் குடுத்த காசுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல. டேப்புல எடுக்குறதும் பத்திரப்படுத்துறதும் ஒரே வேலை. கார்டுல அது ரெண்டு வேலை, ரெண்டாவது வேலைக்கு யாரும் காசு குடுக்குறதும் இல்ல, யாரும் செய்யிறதும் இல்ல.

உங்க பேப்பர்ல போட்ட காலத்துக்கும் அழியாதுங்கிறத இதுக்குத்தான் திருத்தச் சொல்றேன். கார்டுக்குள்ள இருக்குறது கல்வெட்டு இல்ல, கோடிக்கணக்கான குட்டிக் குட்டி அறையில அடைச்சு வச்ச கரண்டு சார்ஜு. டிராயர்ல போட்டு வருசக்கணக்கா கரண்டே காட்டாம வச்சா அது மெல்லக் கசியும். அத செஞ்சவனே அத நிரந்தரமா சேத்து வைக்கிற பொருளா சொல்றது இல்ல. பெரிய பெரிய சேனல்காரன், ஆர்க்கைவ்காரன் எல்லாம் கார்டுல எடுத்தாலும் கடைசில எல்டிஓங்கிற டேப்புல தான் ஏத்தி வைக்கிறான், 2021ல வந்த எல்டிஓ 9ல ஒரு கேசட்டுக்கு 18 டிபி. டேப் செத்துப் போச்சுன்னு சொல்றவங்க இத யோசிக்கணும். அந்த டிரைவோட வெல நம்மாளுக்கு ஒத்து வராது, அது வேற.

அப்ப பழைய டேப் கேமரா வாங்கலாம்லன்னு கேப்பாய்ங்க. வேணாம் தம்பிகளா. நான் மேல சொன்ன கதையெல்லாம் படிச்சுட்டு டேப் தான் ஒசத்தின்னு நெனச்சுட்டா என் லெட்டரு வீணு. பிடி170 மாதிரி மினி டிவி கேமராவுல எடுக்குற படம் 720க்கு 576, பெருக்கிப் பாத்தா 4 லட்சத்துச் சொச்சம் புள்ளி. இப்ப உங்க கஸ்டமர் வீட்டு சுவத்துல மாட்டிருக்குற 4கே டிவில 83 லட்சம் புள்ளி. அந்தப் படத்த இதுல இழுத்து விரிச்சா பொண்ணு மூஞ்சி மைசூர்பா மாதிரி இருக்கும். ஹெட்டு தேஞ்சுருச்சுன்னா மாத்த ஆளு இல்ல, நான் சிம்மக்கல் பக்கம் ஒருத்தர்கிட்ட குடுப்பேன், அவரும் இப்ப சிசிடிவி மாட்டப் போயிட்டாரு. புது கேசட்டு தேடி அலையணும், கெடைக்கிறதும் எத்தன வருசம் எந்த வெயில்ல கெடந்துச்சோ தெரியாது. ஃபயர்வயர் இருக்குற புது லேப்டாப் கெடையாது, ஆப்பிள்காரன் 2025ல விட்ட மேக் ஓஎஸ் 26ல அந்த சப்போர்ட்டையே எடுத்துட்டான். நான் ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர ஃபயர்வயர் கார்டோட சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சு காப்பாத்திட்டு இருக்கேன், நெட் கனெக்ஷன் கூட குடுக்குறது இல்ல.

அந்த லுக்கு வேணும்னு சில ஜோடிங்க கேக்குறாங்க தான், எனக்கே போன ஆவணில ரெண்டு பேரு கேட்டாங்க. அதுக்கு ஒரு சின்ன ஹேண்டிகேம வச்சு நலங்குலயும் மாப்ள அழைப்புலயும் ஒரு பத்து நிமிசம் எடுத்துக் குடுங்க, அது ஊறுகா. சோறு கார்டு கேமராவுல தான். அந்தக் காலத்துல இந்தக் கட்டமும் கோடும் வராம இருக்கத்தான் நாங்க ஹெட்ட தொடச்சு தொடச்சு செத்தோம், இப்ப அதுக்கு எக்ஸ்ட்ரா காசு தர்றாங்க, காலம் எப்படிப் போகுது பாருங்க.

வாங்குறப்ப பாக்க வேண்டியது எத்தன கே, எத்தன ஜூம்ங்கிறது எல்லாம் அப்புறம். ரெண்டு கார்டு போடுற எடம் இருக்கா, ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதுமா, அத முதல்ல பாருங்க. ஒண்ணு நெறஞ்சா அடுத்ததுக்குப் போறது வேற, ரெண்டுலயும் சேந்து எழுதுறது வேற, கடைக்காரரே ரெண்டையும் கொழப்பிச் சொல்வாரு. முகூர்த்தத்துக்கு ரெண்டுலயும் எழுதுங்க. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு வேற வேற டிஸ்க்ல ஏத்துங்க, ஏத்துனத ஓட்டிப் பாருங்க, அதுக்கு முன்னாடி கார்டுல கை வைக்காதீங்க. ரெண்டு டிஸ்கையும் ஒரே பீரோல வைக்காதீங்க, ஒண்ணு மாமனார் வீட்டுலயாவது இருக்கட்டும்.

அப்புறம் அந்த பில்லு. 4கேல செகண்டுக்கு 100 மெகாபிட் ரேட்டுல எடுத்தா மணிக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா, ஆளுக்கு எட்டு மணி நேரம்னா 720 ஜிபி ஒரே கல்யாணம். இத எவன் சும்மா வச்சுருப்பான்? ஒரு டிபி டிஸ்குன்னு ஒரு வரிய பில்லுல தைரியமா எழுதுங்க, எதுக்குன்னு கஸ்டமர் கேட்டா, உங்க வீட்டு விசேசம் பூராவும் எடிட் பண்ணாம இதுல இருக்கு, இது உங்களுக்குன்னு கையில குடுங்க. நான் நாலு வருசமா இதத்தான் செய்றேன். பத்துல மூணு பேரு வேணாம், ரேட்டக் கொறைங்கன்னு தான் சொல்றாங்க. வேணாம்னவங்ககிட்ட, ஆறு மாசம் வச்சுருப்பேன் அதுக்கப்புறம் அழிச்சுருவேன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கிறேன். கையெழுத்துப் போட பேனாவ எடுத்ததும் அந்த மூணுல ரெண்டு பேரு, இருங்க வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்னு போயி டிஸ்குக்கு காசு கொண்டாந்துர்றாங்க. சாப்பாட்டு எலைக்கு ஒரு ஐட்டம் கொறச்சா இந்தக் காசு வந்துரும்னு வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியிது, ஆம்பளைங்களுக்குத் தான் தெரிய மாட்டேங்குது.

வீட்டுல பழைய கேசட்டு வச்சுருக்குறவங்களுக்கும் ஒரு வார்த்த. அத வெளிய எடுத்து கண்ணாடி வழியா நாடாவப் பாருங்க. வெள்ளப் பொடி மாதிரி படிஞ்சுருந்தா அது பூஞ்சை, அப்படியே எந்த மெஷின்லயும் போட்டு ஓட்டிராதீங்க, நாடாவும் போகும் ஹெட்டும் போகும், சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க. சுத்தமா இருந்தா தள்ளிப் போடாம ஏத்திருங்க. விஎச்எஸ் கேசட்டு ஓட்டுற விசிஆர் செஞ்ச கடைசி கம்பெனி ஜப்பான்ல 2016லயே நிறுத்திட்டான், மினி டிவிக்கும் இருக்குற பழைய கேமராதான் கதி. கேசட்டு நல்லாத்தான் இருக்கும், ஓட்டுறதுக்கு மெஷின் இருக்காது.

என் பீரோல இன்னும் 200 கேசட்டுக்கு மேல கெடக்கு. அதுல ஒரு முப்பதுக்கு மேல ஒட்டுன சீட்ட பூச்சி அரிச்சுருச்சு, யாரு வீட்டு விசேசம்னே தெரியல. 2002ல இருந்து 2011 வரைக்கும் திருமங்கலம், செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் வச்சவங்க அன்னிக்கு வந்த வீடியோக்காரன் யாருன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. நானா இருந்தா வந்து மூஞ்சியப் பாத்து அடையாளம் சொல்லுங்க, ஏத்தித் தாறேன், ஏத்துற கூலி வேணாம். டிஸ்க் மட்டும் நீங்க கொண்டாரணும். என் விலாசம் உங்க ஆபீசுல இருக்கு ஐயா, கேட்டு வர்றவங்களுக்கு குடுங்க. மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் மட்டும் வேணாம், அப்ப கரண்டு நின்னு நின்னு வருது, கேப்சர் அந்துரும்.

இப்படிக்கு,
ஒரு வீடியோக்காரன்,
திருமங்கலம்.